வெப்பம் தாங்கும் வீரிய ஒட்டுத் தக்காளி
கோடையிலும் காய்பிடிக்கும்படி இரு தூய வரிசைகளைக் கலந்து உருவாக்கும் தக்காளி. பகல் வெயிலைவிட இரவுச் சூடே இப்பயிருக்குப் பெரும்பகை. இரவு வெப்பநிலை 21 பாகை செல்சியஸுக்கு மேல் நீடித்தால் மகரந்தம் வீரியமிழக்கும்; சூல்தண்டு மகரந்தக் கூம்பைத் தாண்டி நீண்டுவிடும்; பூ உதிரும். தைவானில் 1971இல் நிறுவப்பட்ட உலகக் காய்கறி மையத்தின் சி.எல். 5915 போன்ற வரிசைகள் இச்சூட்டிலும் காய்ப்பவை. ஆனால் காய் சிறியது. ஆகவே பெருங்காய் வரிசையுடன் கலக்கிறார்கள். பூ விரியுமுன் மொட்டிலிருந்து மகரந்தக் கூம்பை இடுக்கியால் நீக்கி, தந்தைச் செடியின் மகரந்தத்தைக் கையால் தடவுவர். பொறுமையும் கைத்திறனும் வேண்டும் இவ்வேலையே விதையின் விலையை உயர்த்துகிறது. கோடையில் பெருகும் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸுக்கு எதிராக, காட்டுத் தக்காளியிலிருந்து பெற்ற டி.ஒய்.-1, டி.ஒய்.-3 மரபணுக்களையும் சேர்க்கின்றனர். ஒட்டுக்காயின் விதையை மறுபடி விதைத்தால் குணங்கள் பிரிந்துவிடும்.