சுவிட்ச்சைப் போட்ட நாள்: உமா ஓயா சுரங்கமும் ஒரு பழைய கணக்கும்

சுவிட்ச்சைப் போடுறதுக்கு முன்னால பூச்சியம். போட்ட பிறகு ஒன்று. நடுவில் எதுவும் இல்லை. கணிதக்காரர்கள் இதைப் படிச் சார்பு என்பார்கள். தாளில் வரைந்தால் ஒரே ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். இதில் என்ன வரலாறு என்று கேட்கலாம். பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றிய கதையை விளங்கிக்கொள்ள இந்த ஒற்றைப் படிக்கட்டு எங்களுக்குத் தேவைப்பட்டது.

முதலில் கதை. உமா ஓயா வெலிமடைப் பக்கமாக இறங்கி மகாவலியோடு சேரும் ஆறு. புகுல்பொல, டயரபா என்ற இரண்டு இடங்களில் அணை கட்டி, அந்த நீரில் ஒரு பகுதியை மலைக்குள்ளால் தெற்கே வெல்லவாயப் பக்கம் கொண்டுபோவதுதான் உமா ஓயா பல்நோக்குத் திட்டம். மலைக்கு அடியில் 120 மெகாவாட் மின்நிலையம். மின்சாரம் எடுத்த பிறகு அந்தத் தண்ணி கிரிந்தி ஓயாப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குப் போகும். 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டியது ஈரானின் ஃபராப் நிறுவனம். டயரபாவில் தொடங்கும் சுரங்கத்தின் நீளம் மட்டும் 15 கிலோமீட்டருக்கு மேல்.

2014 டிசம்பரில் பாறையைத் துளைத்துக்கொண்டு போன இயந்திரம் நீர் நிறைந்த வெடிப்பு ஒன்றில் முட்டியது. சுரங்கத்துக்குள் தண்ணி பீறிட்டது. அதன்பின் மேலே ஊர்களில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மறுபடியும் சுரங்கத்துக்குள் நீர்க்கசிவு. அந்த ஜூனில் பண்டாரவளையில் பெருந்திரளான மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திட்டம் திறந்துவைக்கப்பட்டது.

இப்போது படிக்கட்டுக்கு வருவோம். இதைப் பரவலாகப் பயன்படுத்திக் காட்டியவர் ஒலிவர் ஹெவிசைட் (1850–1925). பல்கலைக்கழகம் போகாதவர். இளவயதில் தந்திப் பணியாளராக வேலை பார்த்தவர். அவர் காலத்துத் தந்திக்காரர்களின் தலைவலி இதுதான்: இந்த முனையில் பட்டென்று மின்சாரத்தைக் கொடுத்தால், கடலடிக் கம்பியின் அந்த முனையில் அது பட்டென்று வருவதில்லை. தாமதமாகத் தொடங்கி மெதுவாக ஏறுகிறது. கொடுப்பது படிக்கட்டு, கிடைப்பது சரிவு.

நிலத்தடி நீரும் இப்படித்தான் நடக்கும் என்பதை 1935இல் கணக்காக்கியவர் அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் தைஸ். ஒரு கிணற்றில் பம்பைப் போட்டால் பக்கத்து நீர்மட்டம் எப்படி இறங்கும் என்பது அவருடைய கேள்வி. கணித அறிஞரான லூபின் என்ற நண்பரிடம் உதவி கேட்டார். வெப்பம் பரவுவதற்கு ஏற்கெனவே இருந்த விடை தண்ணீருக்கும் பொருந்தியது. அந்த விடை சொல்வது இது: பம்பு போடுவது ஒரு நொடி வேலை, அதன் தாக்கம் பரவுவதற்கு நாள்கணக்கு, மாதக்கணக்கு ஆகலாம். தூரம் இரண்டு மடங்கானால் தாக்கம் போய்ச்சேரும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்கு.

ஆகவே சுரங்கத்துக்குப் பக்கத்துக் கிணறு இந்த மாதம் வற்றி, தள்ளியிருக்கும் கிணறு அடுத்த வருசம் வற்றினால் இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். "சுரங்கத்தில தண்ணி வந்தது அப்போ, உங்க கிணறு வத்தினது இப்போ, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்கு 1935லேயே பதில் இருக்கிறது.

இன்னொரு விசயமும் உண்டு. ஜேக்கப், லோமன் என்ற இருவர் 1952இல் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். அழுத்தத்தோடு இருக்கும் நீரைத் திடீரென்று திறந்துவிட்டால் என்ன ஆகும்? முதலில் பெருவெள்ளம், பிறகு ஓட்டம் குறைந்துகொண்டே போகும். சுரங்கத்தில் நடப்பதும் இதேதான். ஆனால் ஓட்டம் குறைவதற்குக் காரணம் மலை தேறிவிட்டது என்பதல்ல. பக்கத்து நீர் வடிந்துவிட்டதால் இனித் தூரத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. உள்ளே கசிவு குறையும் அதே நேரத்தில் வெளியே நீர்மட்டம் இறங்கும் வட்டம் பெரிதாகிக்கொண்டிருக்கும். "கசிவு குறைஞ்சிருச்சு" என்ற செய்தியைக் கேட்டு ஊர் நிம்மதியடைய முடியாது.

சிமெந்துக் கலவையை ஏற்றி அடைப்பதையும் இதே கணக்கால் எழுதலாம். அடைத்த நாளிலிருந்து எதிர்த்திசையில் இன்னொரு படிக்கட்டைச் சேர்க்க வேண்டும். அந்தப் படிக்கட்டின் பலனும் மெதுவாகத்தான் வந்து சேரும். ஓட்டையை அடைச்ச அன்றைக்கே கிணறு ஊறாது.

சுரங்கம் ஒரே நாளில் தோண்டப்படுவதும் இல்லை. சுவிட்சர்லாந்தின் நியூசாட்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியர் பெரோஷே 2005இலும், பிறகு இன்னொருவரோடு சேர்ந்து 2007இலும் இதற்கான வழியை எழுதினார். சுரங்கத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச். இயந்திரம் அங்கே வரும்வரை பூச்சியம், வந்த பிறகு ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் எந்த நாளில் எவ்வளவு நீர் உள்ளே வரும் என்று மதிப்பிடலாம். கணினி மாதிரிகளிலும் அடிப்படை இதுதான்.

ஆனால் எங்கள் ஊவா மலை ஒரே சீரான மணல் படுகை இல்லை. கடினப் பாறை, அதற்குள் வெடிப்புகள். தண்ணி வெடிப்பு வழியாகத்தான் ஓடும். அதனால் ஒரு வீட்டுக் கிணறு வற்றும், அடுத்த வீட்டில் தண்ணி இருக்கும். இதற்கு நடுவில் வறட்சியும் வரும். 2016, 2017 இரண்டும் நாடே காய்ந்த வருசங்கள். எது வறட்சியால், எது சுரங்கத்தால் என்று பிரிக்க எந்த மாதிரிக்கும் ஒன்று கட்டாயம் வேண்டும்: சுவிட்ச் போடுவதற்கு முந்தைய காலத்தின் பதிவு. படிக்கட்டின் இடப்பக்கம். முன்பு கிணற்றில் எவ்வளவு தண்ணி இருந்தது என்று தெரியாவிட்டால், எவ்வளவு இறங்கியது என்று எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது.

தோட்டப்புறத்துக்கு இது இன்னும் சிக்கல். சொந்தக் கிணறு உள்ளவர் தன் கிணற்றைக் கைகாட்டலாம். லயத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பொதுப் பீலிதான். அந்தப் பீலிக்குத் தண்ணி வருவது மலையில் எங்கோ இருக்கும் ஊற்றிலிருந்து. லயக் காம்பராவுக்கே உறுதி இல்லாதபோது, அந்த ஊற்றை எந்தப் படிவத்தில் யார் பெயரில் எழுதுவது? பீலி மெலிந்துபோனால் குடத்தோடு இன்னும் தூரம் நடப்பார்கள். அந்த நடை எந்தக் கணக்கிலும் ஏறாது.

இதை நாங்கள் திட்டத்துக்கு எதிரான கட்டுரையாக எழுதவில்லை. மின்சாரம் எல்லோருக்கும் வேண்டும், கீழே வயலுக்கும் தண்ணி வேண்டும். நாங்கள் கேட்பது சின்ன விசயம். மலையில் அடுத்த துளை போடுவதற்கு முன், அந்த மலையில் குடிக்கிற ஒவ்வொரு ஊற்றும் பீலியும் அளக்கப்பட்டிருக்க வேண்டும்.

யாராவது வந்து அளப்பார்கள் என்று காத்திருக்கவும் தேவையில்லை. பத்து லீற்றர் வாளியைப் பீலிக்குக் கீழே வையுங்கள். நிறைய எத்தனை செக்கன் என்று போனில் பாருங்கள். திகதி, மழை பெய்ததா இல்லையா, இரண்டையும் சேர்த்துக் கொப்பியில் எழுதுங்கள். மாதம் ஒரு தரம் போதும். கிணறு என்றால் கயிற்றில் முடிச்சுப் போட்டு ஆழம் பாருங்கள். யார், எப்போது, எங்கே சுவிட்ச் போடுவார்கள் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. போடுறதுக்கு முன்னால என்ன இருந்தது என்பதை எழுதிவைக்க நம்மால் முடியும்.