அடையாற்றில் இரு புலமைச் செல்வங்கள்

நூலாசிரியர் ஒருவர் மறைந்தபின் அவருடைய ஏடுகளும் நூல்களும் யார் கைக்குச் செல்கின்றன என்பதை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஆராய்வதில்லை. சென்னையின் தென்பகுதியாகிய அடையாற்றில் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இரு சான்றுகள் உள்ளன. ஒன்று, அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்சினுடையது. மற்றொன்று, டாக்டர் உ. வே. சாமிநாதையருடையது.

கசின்சு 1873இல் பெல்பாஸ்டு நகரில் பிறந்தவர். டப்ளினில் வாழ்ந்த காலத்தில் யேட்சு, ஜார்ஜ் ரசல் முதலியோர் வளர்த்த அயர்லாந்து இலக்கிய மறுமலர்ச்சியில் பங்கு கொண்டார். அவர் எழுதிய நாடகங்கள் 1902இல் அங்கு அரங்கேறின. அன்னி பெசண்டு அம்மையாரின் அழைப்பை ஏற்று 1915இல் மனைவி மார்கரெட்டுடன் அடையாற்றுக்கு வந்து, 'நியூ இந்தியா' இதழில் பணியாற்றினார். மறு ஆண்டு டப்ளினில் நிகழ்ந்த எழுச்சியைப் போற்றி அவர் வரைந்த கட்டுரை அப்பணிக்கு முடிவாயிற்று. விடுதலை வேட்கையே உயிராகக் கொண்ட இதழுக்கும் அக்கட்டுரை பொறுக்கலாகாததாயிற்று என்பது வியத்தற்குரியது. அதன்பின் மதனப்பள்ளிக் கல்லூரி அவருக்குப் புகலிடமாயிற்று. 1919இல் இரவீந்திரநாத தாகூர் அங்குத் தங்கி, தம் 'ஜன கண மன' பாடலை ஆங்கிலத்தில் ஆக்கினார். அதன் இசையை மார்கரெட் அம்மையார் குறிப்பாக்கினார்.

கசின்சின் கவிதையைக் காட்டிலும் அவருடைய உரைநடையே நம் நாட்டில் ஆழ வேரூன்றிற்று என்பது எம் கருத்து. ஆங்கில இலக்கியத்தின் புதுநெறிகளைப் பற்றி அவர் எழுதிய நூலை ஆராயப் புகுந்த அரவிந்தர், மதிப்புரையாகத் தொடங்கியதை விரித்து, வருங்காலக் கவிதை பற்றிய நெடுந்தொடராகத் தம் 'ஆரியா' இதழில் வெளியிட்டார். 1918இல் வெளிவந்த கசின்சின் 'இந்தியாவில் மறுமலர்ச்சி' என்னும் நூலும் அரவிந்தரின் கட்டுரைகளுக்குத் தூண்டுகோலாயிற்று. தாம் எழுதியவற்றிற்குப் பெரும்புலவர் ஒருவர் விடையிறுக்கப் பெற்றமையின், விடை நிலவும் வரை வினாவும் நிலவும்.

கவிதைகளுக்கோ அத்தகைய பேறு வாய்க்கவில்லை. மக்கட்பேறு இல்லாத அவருக்குப் பின்னர் அவற்றைத் தேடித் தொகுக்கும் மகன் இல்லை. அவர் வாழ்நாளிலேயே, உருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் நிறுவிய கலாட்சேத்திரம், 1940இல் அவற்றை ஒரு தொகுதியாக அடையாற்றில் வெளியிட்டது. பிள்ளைகள் செய்ய வேண்டிய கடனை ஒரு கலை நிலையம் செய்தது.

இனி ஐயரவர்களின் செய்தியைக் காண்போம். சீவகசிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும் அவர்தம் பதிப்பாக வெளிவந்தமையைத் தமிழுலகம் நன்கறியும். 1942இல் சப்பானியர் குண்டு வீசக்கூடும் என்னும் அச்சத்தால் சென்னை மக்கள் பலர் ஊர் நீங்கினர். ஐயரவர்களும் திருக்கழுக்குன்றம் சென்று, அவ்வாண்டு ஏப்பிரல் 28ஆம் நாள் அங்கேயே மறைந்தார். பல்லாண்டு ஊரூராய் அலைந்து தேடிய சுவடிகள் யாதாகும்? சுவடியைப் புழு அரிப்பதினும் உரியவரின் பொருட்படுத்தாமை மிகுதியாக அழித்திருக்கிறது என்பதை ஐயரவர்களே தம் வாழ்நாள் முழுவதும் கண்டவர். அவர் மகனார் கலியாணசுந்தரையர் அச்செல்வத்தை விலைப்பொருளாக்கவில்லை. 1943 சூலை 5ஆம் நாள், அதே உருக்மிணி தேவியின் முயற்சியால், அடையாற்றில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் தோன்றியது. பிற்காலத்தில் அது பெசண்டு நகரில் தனிக்கட்டடம் பெற்றது.

தந்தையின் நூல்களைக் காத்ததோடு மகனார் நின்றுவிடவில்லை. 'ஆனந்த விகட'னில் தொடராக வந்து, ஆசிரியர் மறைவால் 122 இயல்களோடு நின்ற 'என் சரித்திர'த்தை 1950இல் நூலாக்கினார். அதே ஆண்டில் கசின்சு இணையரும் தம் கூட்டு வரலாற்றைச் சென்னையில் கணேசு நிறுவனத்தின் வாயிலாக வெளியிட்டனர். முன்னது தந்தையின் எழுத்தை மகன் தந்தது. பின்னது தம் வரலாற்றைத் தாமே பேணிக்கொண்டது. மார்கரெட் அம்மையார் 1954இலும், கசின்சு 1956இலும் மறைந்தனர்.

ஐயரவர்களின் நூல்நிலையம் அவர் பெயரால் விளங்குகிறது. அங்குள்ள சுவடிகள் மேலும் பல நூல்கள் அச்சேறத் துணை செய்தன. கசின்சின் நூல்களை வகைப்படுத்திக் காட்டும் முறையான விவரநூலைப் பின்னர் ஆலன் டென்சன் என்பவர் ஆக்கினார். அது வெளிவந்தது அடையாற்றிலன்று, 1967இல், இங்கிலாந்தில்.