செக்ரோலில் இல்லாத ஆட்டங்கள்

விளையாட்டின் சரித்திரம் பெரும்பாலும் வென்றவர்களின் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. மலையகத் தொழிலாளருக்கு அந்தப் பட்டியலும் இல்லை. வெள்ளைத் துரைமார் தங்கள் கிளப்புகளில் ஆடிய கிரிக்கெட்டுக்கும் டென்னிசுக்கும் பதிவேடுகள் உண்டு. பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைக்குச் செல்லும் மலைப்பாதையில் உள்ள பூனாகலை போன்ற தோட்டங்களில், லயத்து முற்றத்தில் நடந்த சடுகுடுவுக்குப் பதிவேடு ஏது? முழுப்பேரா, அரைப்பேரா என்று தொழிலாளியின் உழைப்பைக் கணக்கிட்ட செக்ரோல், அந்தியில் அவன் என்ன ஆடினான் என்று எழுதி வைக்கவில்லை.

ஏடு இல்லாத இடத்தில் மனிதனின் சொந்தக் கதையே ஏடு. 'அது ஆராய்ச்சி ஆகுமா?' என்று கேட்போர் உண்டு. டிரினிடாட்டின் மார்க்சியச் சிந்தனையாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963-இல் வெளியிட்ட 'பியாண்ட் எ பவுண்டரி' என்னும் நூலே அதற்கு விடை. நம் மலையகத்தைப் போலவே டிரினிடாட்டும் தோட்டத் தொழிலாளரின் வியர்வையில் எழுந்த நாடு. அங்கே கிரிக்கெட் சங்கங்கள் தோல்நிறத்தாலும் வர்க்கத்தாலும் பிரிந்து கிடந்தன. கறுப்பினக் கீழ்நடுத்தர வர்க்கத்தாரின் ஷானன் சங்கத்தைத் தேர்ந்தெடுக்காமல், நிறம் வெளுத்த நடுத்தர வர்க்கத்தாரின் மேப்பிள் சங்கத்தில் தாம் சேர்ந்த கதையை ஜேம்ஸ் ஒளிக்காமல் எழுதினார். ஓர் இளைஞனின் அந்தத் தேர்வில் ஒரு சமுதாயத்தின் குறுக்குவெட்டே தெரிகிறது. ஓட்டக் கணக்கு எதிலும் அது தெரியாது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. முத்தையா முரளிதரன் டெஸ்ட் பந்தயங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி 2010-இல் ஓய்வு பெற்றார். எண் அங்கே நின்றுவிடுகிறது. தேயிலைத் தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் அவருடைய பாட்டனார் என்னும் குடும்பக் கதையோ, 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் கதைக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

ஆயினும் கேட்டதையெல்லாம் எழுதிவிடுவது ஆராய்ச்சியன்று. ஆடுவதற்கு இடம் தந்தவர் யார்? அணியில் யார் சேர்க்கப்பட்டார், எந்தச் சாதியார் விலக்கப்பட்டார்? கொழுந்துக் கூடையை இறக்கியதும் அடுப்பையும் பிள்ளையையும் பார்க்க ஓடிய பெண்ணுக்கு ஆட்டக்களம் எங்கே இருந்தது? இவற்றைக் கேட்டு, ஒருவர் சொல்லை இன்னொருவர் சொல்லோடும், கிடைக்கும் பள்ளிக் குறிப்புகளோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. சென்றவர்களுள் பலர் நீலகிரியில் குடியேறினர். ஆகவே ஒரே ஆட்டத்தின் சாட்சிகள் இன்று கடலின் இரு கரைகளிலும் இருக்கக்கூடும்.

2014 அக்டோபர் 29-இல் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து, லயங்களை மனிதரோடு மூடியது. லயம் புதையும்போது தகரப்பெட்டியில் காத்து வைத்த படமும் பத்திரமும் உடன் புதைகின்றன. எஞ்சுவது ஞாபகம் ஒன்றே. அதற்கும் ஆயுள் உண்டு.

ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பணியை நாளைக்கென்று தள்ளிவைக்கலாகாது. நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும். நம் பாட்டன் பாட்டிமாரிடம் முதற்கேள்வியை இன்றே கேட்போம்: வேலை முடிந்த பின், உங்களுக்கென்று இருந்த நேரத்தில் என்ன ஆடினீர்கள்?