வாயில்கள் அமைத்த களம்

கோட்டையின் வாயில் ஓரிடத்தில் நிலைபெற்றிருப்பது. காப்போனும் தாக்குவோனும் அதனை நன்கறிவர். போரின் போக்கும் அதனைப் பற்றியே அமையும். ஆனால், போர் செய்வோர் ஒவ்வொருவரும் தாம் வேண்டிய கணத்திலே புதியதொரு வாயிலைத் திறக்க வல்லவராயின், அப்போர் எத்தகையதாயிருக்கும்? இவ்வினாவுக்கு விடையாகக் கணினித் திரையில் எழுந்த விளையாட்டே ‘ஸ்பிளிட்கேற்’. அதன் வரலாறு குறுகியது, எனினும் சிந்தித்தற்குரியது.

இவ்வாயிற் கருத்து முன்னரே வளர்ந்து வந்த ஒன்று. 2005ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள டிஜிபென் கல்வி நிறுவன மாணவர் சிலர் ‘நார்பாகியூலர் டிராப்’ என்னும் சிறு விளையாட்டை ஆக்கினர். அதில் வரும் இளவரசியால் குதிக்க இயலாது. இரு வாயில்களைத் திறந்து, ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளிப்பட்டே அவள் தப்ப வேண்டும். வால்வ் நிறுவனம் அம்மாணவரைத் தன் பணியில் அமர்த்திக்கொண்டது. 2007இல் வெளிவந்த ‘போர்ட்டல்’ அதன் பயன். உயரத்திலிருந்து ஒரு வாயிலுள் வீழ்பவர், வீழ்ந்த வேகம் குன்றாமலே மறுவாயிலினின்று பாய்வர் என்னும் விதியை உலகம் நன்கறிந்தது அவ்விளையாட்டினாலேயே. எனினும், அது தனியொருவர் அமர்ந்து அவிழ்க்கும் புதிர்.

அப்புதிரைப் போர்க்களமாக்கியோர் ஸ்டான்போட் பல்கலைக்கழகத்திற் பயின்ற இயன் புரூ, நிக்கலஸ் பகமியன் ஆகிய இருவர். அவர்கள் நிறுவிய ‘1047 கேம்ஸ்’, 2019 மே மாதத்தில் ஸ்பிளிட்கேற்றை வெளியிட்டது. ‘குவேக்’, ‘ஹேலோ’ முதலிய களவிளையாட்டுகளின் மரபுப்படி, யாவரும் சம ஆயுதத்துடன் தொடங்குவர். ஆனால், குறித்த சில சுவர்ப்பரப்புகளில் ஒவ்வொருவரும் இரு வாயில்களைத் திறக்கலாம். திறந்தவருக்கு மட்டுமே அதனூடு மறுபுறம் தெரியும். எதிரியோ காணாமலே அதனுள் நுழையத் துணிய வேண்டும். எனவே, குறி தவறாத கைக்கு மட்டுமன்றி, இடத்தைக் கணிக்கும் மதிக்கும் அங்கே வெற்றி கிட்டிற்று.

தொடக்கத்தில் வரவேற்புப் பெரிதாயிருக்கவில்லை. 2021 யூலையில் பலவகை விளையாட்டுக் கருவிகளுக்கும் அது இலவசமாகத் திறந்துவிடப்பட்டபோதோ, வழங்கிக் கணினிகள் தாங்கமாட்டாத பெருங்கூட்டம் திரண்டது. மக்கள் வரிசையிற் காத்திருந்து களம் புகுந்தனர். சில வாரங்களில் பதிவிறக்கங்கள் 1 கோடியை எட்டின. செப்டெம்பரில் 10 கோடி டொலர் முதலீடும் வந்து சேர்ந்தது.

மறு ஆண்டு செப்டெம்பரில், பழைய விளையாட்டை மேலும் வளர்ப்பதை நிறுத்திப் புதியதொன்றை ஆக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அவ்வாறு எழுந்த ‘ஸ்பிளிட்கேற் 2’, 2025 யூனில் வெளிவந்தது. எதிர்பார்த்த ஆதரவு கிட்டவில்லை. அடுத்த மாதமே அது முற்றுப்பெறாத வெள்ளோட்ட நிலைக்கு மீட்கப்பட்டது. ஊழியர் சிலர் வேலையிழந்தனர். முதல் விளையாட்டின் வழங்கிகளை மூடும் முடிவும் அப்பொழுதே வெளியாயிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் இரண்டாம் ஆக்கம் திருத்தம் பெற்றுப் பெயர் மாற்றத்துடன் மீண்டும் வந்தது.

இங்கே நாம் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. சதுரங்கத்துக்குப் பலகையும் காய்களும் போதும். அதனை மூட எவராலும் இயலாது. தாயக்கட்டம் திண்ணையிற் கீறிய கோடுகளிலே வாழும். ஆனால், தொலைவிலுள்ள நிறுவனமொன்றின் இயந்திரத்தில் வாழும் விளையாட்டோ, அந்நிறுவனம் இசையும் வரையிலேதான் வாழும். பலர் பல்லாண்டு முயன்று கைவரப்பெற்ற திறமைக்கு, ஒருநாள் களமே இல்லாது போகலாம். திறமையுடையோர் இருப்பர், கூடி ஆட விழைவோரும் இருப்பர், ஆயின், அவர்களைச் சேர்த்துவைத்த இடம் இராது.

வேண்டிய சுவரில் வாயில் திறக்கும் வல்லமையைத் தந்த விளையாட்டு அது. எனினும், அதன் தலைவாயிற் கதவின் திறவுகோல் ஆடினோர் கையில் இருக்கவில்லை.