காய்ச்சலும் மூச்சும்: ஒரு சிறு சரித்திரம்



மழை ஆரம்பித்ததிலிருந்து நம் குழுவில் தினம் ஒரு காய்ச்சல் செய்தி வருகிறது. "சார், மூணு நாளா காய்ச்சல், இருமல். டாக்டர்கிட்ட போகணுமா, கஷாயத்துலயே போயிடுமா?" என்று இரண்டு பேர் தனியாகவும் கேட்டுவிட்டார்கள். நான் வைத்தியர் இல்லை, சரித்திர வாத்தியார். ஆனால் இந்தக் கேள்விக்கே ஒரு சரித்திரம் உண்டு. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1911 முதல் 1921 வரையான பத்தாண்டில் இந்திய மக்கள்தொகை கூடாமல் குறைந்தது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 1921ஐ 'பெரும் பிரிவினை ஆண்டு' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டது சிலருக்காவது ஞாபகம் இருக்கும். அந்தக் குறைவுக்குப் பெரிய காரணம் 1918ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயன்சா. பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரிதான் உண்டு. இறந்தவர்களோ ஒரு கோடிக்கு மேல்.

அது பம்பாயில் தொடங்கியது. 1918 ஜூன் 10 அன்று ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஒருவர் துறைமுகத்தில் காவல் பார்த்தவர். முதல் உலகப்போர் முடியும் தறுவாய், கப்பல்கள் வந்து போய்க்கொண்டிருந்த காலம். ஜூன், ஜூலையில் நகரமே படுத்தது. ஆனால் பெரும்பாலோர் சில நாள் காய்ச்சல், உடம்பு வலியோடு எழுந்துவிட்டார்கள். சாதாரண ஜுரம்தான் என்று ஊர் அதை மறந்தது.

செப்டம்பரில் அது திரும்பி வந்தது. அக்டோபர் 6ஆம் தேதி ஒரே நாளில் பம்பாய் நகரில் 768 பேர் இறந்தார்கள். ரயில் பாதை வழியே நோய் உள்நாட்டுக்குப் போனது. பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் மிகக் கடுமையாக அடிபட்டன. நம் சென்னை மாகாணத்தில் சேதம் அந்த அளவுக்கு இல்லை. இறந்தவர்கள் கிழவர்களும் குழந்தைகளும் மட்டும் இல்லை. 20 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் ஏராளம். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்திருந்தது. தானிய விலை ஏறியிருந்தது. டாக்டர்களில் பலர் போர்முனையில் இருந்தார்கள். பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்களில் ஆயிரத்துக்கு 61 பேருக்கு மேல் இறக்க, ஐரோப்பியரில் இறந்தது 8 பேர். கிருமி ஒன்றுதான். சாப்பாடும் இருந்த இடமும் பார்த்துக்கொள்ள ஆளும்தான் வேறு.

இந்தி கவிஞர் நிராலா அந்த ஒரு நோயில் மனைவியையும் குடும்பத்தில் பலரையும் பறிகொடுத்தார். காந்தியின் மருமகள் குலாபும் பேரன் சாந்தியும் போனார்கள். காந்திக்கே ஸ்பானிஷ் ஃப்ளூ வந்தது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அந்த ஆகஸ்டில் அவரைப் படுக்கவைத்தது சீதபேதி. தம் சுயசரிதையிலேயே அதை எழுதியிருக்கிறார். அனுப்புவதற்கு முன் ஒரு முறை சரிபாருங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது!

சரி, அன்று ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா? பலர் போகவில்லை. காரணத்துக்கு இருபது வருஷம் பின்னால் போக வேண்டும். 1896-97இல் பிளேக் வந்தபோது சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டார்கள். நோயாளிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பூனாவில் அதற்குப் பொறுப்பாக இருந்த ராண்ட் என்ற அதிகாரியை 1897 ஜூனில் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். இது நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அந்தப் பயம் 1918இலும் ஜனங்களின் மனதில் இருந்தது. ஆஸ்பத்திரி என்றால் திரும்பி வராத இடம்.

போயிருந்தாலும் என்ன கிடைத்திருக்கும்? அன்றைய டாக்டர்களுக்கு நோய்க்கான காரணமே தெரியாது. 1892இல் ஜெர்மானியர் ரிச்சர்ட் ஃபைஃபர் ஒரு பாக்டீரியாவைக் காட்டி, இதுதான் இன்ஃப்ளூயன்சாக் கிருமி என்று சொல்லியிருந்தார். எல்லோரும் அதையே நம்பினார்கள். மனிதர்களிடமிருந்து வைரஸைப் பிரித்தது 1933இல், லண்டனில். ஃபெர்ரெட் என்ற கீரி போன்ற பிராணியின் மூக்கில் நோயாளியின் தொண்டை நீரை விட்டுக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்று ஆராய்ச்சியாளர் வில்சன் ஸ்மித்தின் முகத்தில் தும்ம, அவருக்கும் காய்ச்சல் வந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. ஃபைஃபரின் கிருமியை ஆய்வகத்தில் தனியாக வளர்க்கப் பென்சிலின் உதவும் என்பதுதான் 1929இல் ஃப்ளெமிங் எழுதிய பிரசித்தமான கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. தப்பான கிருமியைத் தேடிப் போன பாதையிலும் ஒரு மருந்து நின்றிருக்கிறது.

2008இல் அமெரிக்காவில் மோரென்ஸ், டாபன்பெர்கர், ஃபௌசி மூவரும் 1918இல் இறந்தவர்களின் பத்திரப்படுத்தப்பட்ட நுரையீரல் துண்டுகளையும் பழைய பிணப் பரிசோதனைக் குறிப்புகளையும் ஆராய்ந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது வைரஸ் மட்டும் இல்லை, அதன் பின்னாலேயே நுழைந்த பாக்டீரியா நிமோனியா என்றார்கள். வைரஸ் கதவை உடைத்தது, வேறொருவன் உள்ளே வந்தான். ஃப்ளூ குறைந்து, 'அப்பாடா' என்று எழுந்து உட்கார்ந்த பிறகு மறுபடி காய்ச்சல் ஏறி, இருமல் கூடினால் இன்றும் டாக்டர்கள் உஷாராவது இதனால்தான். இந்த இரண்டாவது காய்ச்சலை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

1957இல் 'ஆசிய ஃப்ளூ' இந்தியாவுக்குள் வந்ததே நம் மெட்ராஸ் துறைமுகம் வழியாகத்தான். மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் அது இறங்கியது. அடுத்த பிப்ரவரிக்குள் கணக்கில் வந்த நோயாளிகள் சுமார் 44 லட்சம், மரணங்கள் சுமார் 1,100. 1918ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வைரஸ் அவ்வளவு கொடியது இல்லை என்பது உண்மை. அதோடு பின்னால் வரும் நிமோனியாவுக்கு அப்போது பென்சிலின் இருந்தது.

ஆனால் மருந்து இருந்தால் போதாது, யாருக்கு அது வேண்டும் என்று தெரிய வேண்டும். எக்ஸ்ரே இல்லாத கிராமத்தில் இருமுகிற நூறு குழந்தைகளில் நிமோனியா எதற்கு? பாப்புவா நியூ கினியாவில் ஃப்ராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர் 1980களில் இதற்கு ஒரு எளிய வழி காட்டினார்: மூச்சை எண்ணுங்கள். நம் வேலூர் சி.எம்.சி.யில் டி. ஜேக்கப் ஜான் உள்ளிட்ட குழுவினர் இதைச் சோதித்து 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஒரு வயதுக்குள் நிமிஷத்துக்கு 50க்கு மேல், அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளுக்கு 40க்கு மேல் மூச்சு ஓடினால் நெஞ்சில் கோளாறு என்பதற்கு அது நல்ல அடையாளம். இன்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்குச் சொல்வதும் ஏறக்குறைய இதே கணக்கு. இரண்டு மாதம் ஆகாத சிசுவுக்கு மட்டும் 60. ஸ்டெதஸ்கோப் வேண்டாம், செகண்டு முள் உள்ள கடிகாரம் போதும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு இருக்கவும் வேண்டாம், கிளம்ப வேண்டியதுதான்.

2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது பயம் நேர் எதிராக வேலை செய்தது. ஆகஸ்டில் பூனாவில் ஒரு பதினான்கு வயது மாணவி இறந்தாள். நாட்டில் அதுதான் முதல் மரணம். அதன் பிறகு சாதாரணத் தும்மலுக்கும் பரிசோதனைக்கு வரிசை நின்றது. அப்போது மத்திய சுகாதாரத் துறை நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. லேசான காய்ச்சல், தொண்டை வலி என்றால் ஏ: பரிசோதனை வேண்டாம், வீட்டில் ஓய்வு, ஓரிரு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தால் பி. லேசான காய்ச்சலானாலும் கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்டவர்கள், 65 தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளவர்களும் பி. இவர்களுக்கு டாக்டர் ஓசெல்டாமிவிர் தருவார். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பலன் அதிகம். அதனால் பி வகையினர் "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்" என்று உட்காரக் கூடாது. நம் குழுவில் பாதிப் பேர் பி வகைதான், நானும் சேர்த்து. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இரத்தம் கலந்த சளி, நகம் நீலம் பாய்தல், மயக்கமான தூக்கம் எல்லாம் சி: நேரே ஆஸ்பத்திரி.

தனியாகக் கேட்ட இருவருக்கும் இப்போது பதில். முதல்வருக்கு வயது முப்பது, வேறு நோய் இல்லை, சாப்பிடுகிறான், காய்ச்சல் இறங்கிவருகிறது. கஷாயமும் பாராசிட்டமாலும் ஓய்வும் போதும். மருந்துக்கடையில் தானாக ஆன்டிபயாடிக் வாங்கக் கூடாது, வைரஸை அது தொடாது. ஆஸ்பிரினும் வேண்டாம். இது டெங்கு சீசன் வேறு. மூன்று நாளில் இறங்காவிட்டால் இரத்தப் பரிசோதனைக்குப் போகட்டும்.

இரண்டாமவள் கேட்டது தன் மாமியாருக்காக. வயது 74, சர்க்கரை உண்டு. "காய்ச்சல் நூறுகூட இல்ல சார், ஆனா சாப்பிட மாட்டேங்கறாங்க, பேச்சு கொஞ்சம் குழம்புது" என்றாள். வயதானவர்களுக்கு உடம்பு கொதிக்காமலே நோய் முற்றும். சாப்பாடு நிற்பதும், ஒன்றுக்குப் போவது குறைவதும், ஆளை மாற்றிப் பேசுவதும்தான் அவர்களுக்கு அடையாளம். 2020இல் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடக்குமே, அதை எடுத்து விரலில் மாட்டச் சொன்னேன். 91 காட்டியது. 108ஐக் கூப்பிடு, மீதியை அப்புறம் பேசலாம் என்று போனை வைத்தேன். இப்போது வார்டில் இருக்கிறார், நிமோனியா ஆரம்பம் என்றார்களாம், ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். நேற்று ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறார்.