எழுத்தும் பாட்டும்: ஓர் அறிவிப்பாளரின் பணி

மேலைநாடுகளில் போட்டி நிகழ்ச்சிகளை நெடுங்காலம் நடத்திப் புகழ்பெற்ற அறிவிப்பாளர் பலருளர். தமிழுலகில் அத்தகைய புகழுக்குரியவர் பி. எச். அப்துல் ஹமீது ஆவர். 'பாட்டுக்குப் பாட்டு' என்றதும் அவர் பெயரே நினைவுக்கு வரும்.

இலங்கையில் ஒலிபரப்பு 1925 டிசம்பரில் கொழும்பிலே தொடங்கிற்று. 1949 இல் 'ரேடியோ சிலோன்' என்னும் பெயர் பெற்ற அந்நிலையம் 1967 இல் கூட்டுத்தாபனமாயிற்று. அதன் தமிழ் வர்த்தக சேவை, எஸ். பி. மயில்வாகனம் போன்றோரின் குரல்வளத்தால் தமிழகத்திலும் எண்ணற்ற நேயர்களை ஈட்டியது. அவ்வழியில் வந்தவரே அப்துல் ஹமீது. சிறுவர் நிகழ்ச்சியினூடாக வானொலியுட் புகுந்த அவர், நாடகத்திலும் அறிவிப்பிலும் தேர்ச்சி பெற்றார்.

அவர் நடத்திய போட்டியின் விதி எளியது. ஒருவர் பாடிய பாடலிலிருந்து பெறப்படும் எழுத்தைக்கொண்டு அடுத்தவர் வேறொரு திரைப்பாடலைத் தொடங்கவேண்டும். ஒன்றன் முடிவை மற்றொன்றின் முதலாக்கும் அந்தாதி, காரைக்காலம்மையார் காலந்தொட்டே தமிழில் உண்டு. அதன் சாயலை இவ்விளையாட்டிற் காணலாம். ண, ழ, ள, ற, ன ஆகியன தமிழ்ச்சொல்லுக்கு முதலாகா என்பது இலக்கணம். குறில் எது, நெடில் எது, மொழிக்கு முதலாகும் எழுத்து எது என்பவற்றையெல்லாம் பாடலைத் தேடும் ஆவலிலே பிள்ளைகள் தாமாகவே உணர்ந்தனர். வகுப்பறையிற் கசந்த பாடம் வானொலியில் இனித்தது.

வன்னிக் கிராமங்களுக்கு இக்குரல் எத்துணை வேண்டியதாயிருந்தது என்பதைப் போர்க்காலம் காட்டிற்று. மின்சாரம் இல்லை. மின்கலங்களும் பொருளாதாரத் தடையுள் அடங்கின. மக்கள் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னைக்கொண்டு வானொலி கேட்டனர்.

அக்காலத்தே, 1990 ஒக்டோபரில், வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் தலைமுறைகளாகத் தமிழ் பேசி வாழ்ந்தோரும் அவருள் அடங்குவர். ஒரே மொழியினர் இவ்வாறு பிரிக்கப்பட்ட பின்னரும், நல்ல தமிழ் உச்சரிப்புக்கு இலக்கணமாக வன்னி மக்கள் போற்றியது ஒரு முஸ்லிம் அறிவிப்பாளரின் குரலையே. நிலத்தைப் பிரித்தோரால் அக்குரல்மீது கொண்ட அன்பைப் பிரிக்க இயலவில்லை.

பின்னர் அப்போட்டி சன் தொலைக்காட்சி வாயிலாகத் தமிழகத்து இல்லங்களை அடைந்தது. புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நாடுகளிலும் மேடையேறியது. தம் அனுபவங்களை அவர் 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்னும் நூலாகவும் எழுதியுள்ளார்.

அரசர்களும் போர்களும் மட்டும் வரலாறாகா. சொல்லைப் பிழையறச் சொல்லவேண்டும் என்று ஒருவர் வாழ்நாள் முழுவதும் கொண்ட கவனமும், பிரிந்து நின்ற மக்களை ஒரு மொழியின் கீழ் இருத்திய வரலாறேயாம்.