அறுகம்குடாவுக்குப் போகிற வழியில்

பேரனுக்கு மே மாதம் கல்லூரி விடுமுறை. நண்பர்களோடு நாலு நாள் இலங்கை போய் சர்ஃபிங் கற்றுக்கொள்ளப் போகிறானாம். "நீங்களும் வாங்க தாத்தா, கரையில உட்கார்ந்திருந்தா போதும்" என்றான். செலவுக் கணக்கு எழுத ஆள் வேண்டும், அதனால்தான் கூப்பிடுகிறான் என்பது என் மனைவியின் கருத்து.

இந்த விளையாட்டுக்குப் பருவக்காற்றுதான் காலண்டர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்மேற்குக் கரையில் வெலிகம, ஹிக்கடுவ. மே முதல் அக்டோபர் வரை கிழக்குக் கரையில் பொத்துவில் பக்கம் அறுகம்குடா. மே மாதம் என்பதால் கிழக்கு. நம் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் அங்கிருந்து அறுகம்குடாவுக்குச் சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல். ஏழெட்டு மணி நேரமாகும். போக வர இரண்டு நாள் ரோட்டிலேயே கழிந்துவிடும். மிச்சம் இருப்பதில் நான் அரை நாள் கேட்டேன். அதுதான் வீட்டில் தகராறு.

அந்தச் சாலை ஹப்புத்தளை மலைக்குக் கீழே வளைந்து வெல்லவாய, மொனராகலை வழியாகப் போகிறது. ஹப்புத்தளையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு என் அத்தை, அப்பாவின் அக்கா, 1937-ல் முசிறிப் பக்கத்திலிருந்து புருஷனோடு போனாள்.

நம் ஊருக்கும் அந்தத் தீவுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. இலங்கைத் தோட்ட முதலாளிகள் கூலியாள் சேர்க்க 1904-ல் ஒரு கமிஷன் அமைத்தபோது, அதன் தலைமையகத்தை வைத்தது திருச்சியில். காரணம் எளிது: ஆள் கிடைத்தது முசிறி, துறையூர், நாமக்கல் போன்ற வானம் பார்த்த பூமியில், ரயில் இருந்தது இங்கே. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பான். அதுதான் முதல் கடன்.

இதில் ஒரு விஷயம் முன்னாள் பேங்க் குமாஸ்தாவான என்னை உறுத்துகிறது. அதன் பெயர் 'துண்டு'. கங்காணியும் அவன் ஆட்களும் இவ்வளவு பாக்கி, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டு அது. இன்னொரு துரை பணத்தைக் கட்டிவிட்டால் மொத்தக் கூட்டமும் அந்தத் தோட்டத்துக்குப் போய்விடும், கடனையும் சுமந்துகொண்டு. கடன் கணக்கைக் கிளை விட்டுக் கிளை மாற்றும் வேலையை நான் முப்பது வருஷம் பார்த்தவன். கணக்கோடு ஆளையும் மாற்றுவதை எந்தப் பேரேட்டிலும் பார்த்ததில்லை. 1921-ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

அத்தை போனது போட் மெயில் பாதையில். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போனது, அங்கே கப்பல் ஏறி முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் கடலைத் தாண்டினால் தலைமன்னார், மறுபடி ரயில். துரைமார்கள் ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை சொகுசாகப் போனார்கள். கூலியாட்களை மட்டும் மண்டபம் முகாமில் இறக்கி, அம்மை குத்தி, நோய் இல்லை என்று உறுதியான பிறகே கப்பலேற்றினார்கள். அதைப் பற்றி அத்தை ஒன்றும் எழுதியதில்லை என்பார் அப்பா. குளிர் தாங்கவில்லை, கம்பளி கிடைத்தது என்று மட்டும் எழுதினாளாம்.

1939-ல் இந்திய அரசே தோட்ட வேலைக்கு ஆள் போவதைத் தடுத்தது. 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். அதே வருஷம் டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. அதில்தான் 1982-ல் அத்தையின் மூத்த மகன் குடும்பத்தோடு வந்தார்.

எங்கள் கிளைக்குக் கணக்கு தொடங்க அவரை நான்தான் கூட்டிப்போனேன். முகவரிச் சான்றாக அவரிடம் இருந்தது 'குடும்ப அட்டை' ஒன்றே. மேலதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ளூர் ஆள் யாராவது அறிமுகம் செய்யணுமே" என்றார். அத்தான் என்னைப் பார்த்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்குக் கையெழுத்துப் போடப் பயம். "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன் அத்தான்" என்றேன். அவர் மறுபடி வரவில்லை. நீலகிரிப் பக்கம் தேயிலை வேலைக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். அத்தை இளைய மகனோடு அங்கேயே தங்கிவிட்டாள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் இல்லை. அப்பா எழுதிய இரண்டுக்கும் பதில் வரவில்லை.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். போனையே பார்த்துக்கொண்டிருந்தான்; கேட்கவில்லை என்றே நினைத்தேன். பிறகு, "கவர்ல தோட்டத்துப் பேரு இருக்குமா தாத்தா?" என்றான். பீரோவில் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பச்சைத் தபால்தலை ஒட்டிய கவரில் பெயர் அழியாமல் இருந்தது. மேப்பில் தேடினான், இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து முக்கால் மணி நேரம் மேலே ஏற வேண்டும்.

அரை நாள் கிடைத்துவிட்டது. விசா ஆன்லைனில் எடுத்துவிடலாம். தோட்டத்தில் யாரை விசாரிப்பது என்பதுதான் தெரியவில்லை. நம் குடியிருப்பில் ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் உறவு உள்ளவர்கள், அல்லது வீட்டில் பழைய குடும்ப அட்டை வைத்திருப்பவர்கள் இருந்தால், மே முதல் வாரத்துக்குள் என்னை மாலை நடையில் பிடித்துச் சொல்லுங்கள்.